பேட்டன்ட் கேள்வி பதில்: விரல் அசைவுக்குச் சொந்தக்காரர் உண்டா?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் பேட்டன்ட் என்றால் என்ன, அது எத்தனை வருடம் செல்லும் என்று அடிப்படைகளை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் நிறைய, செல்போன் தொடுதிரையைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த மாதத்தை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் சென்னையில் பேட்டன்ட் ஏஜென்ட். பிறர் கண்டுபிடித்ததைச் சட்டம் ஏற்கும் வாக்கியங்களாக எழுதிக் கொடுப்பதும், மற்றவர்களின் பேட்டன்டில் உள்ள வாக்கியங்களைப் பிரித்துப் படிப்பதும் என் அன்றாட வேலை.

இரண்டு விரலை விரித்துப் படத்தைப் பெரிதாக்கும் முறையை ஆப்பிள்தான் கண்டுபிடித்தது என்று வகுப்பில் சொன்னார்கள். அதற்கு அவர்களிடம் பேட்டன்டும் இருக்கிறதாமே, அப்படியானால் மற்ற போன்களில் அது எப்படி வருகிறது மேடம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

முதல் பாதிக்குப் பதில்: ஆப்பிள் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கோடிக்கணக்கான கைகளுக்குக் கொண்டுபோனது அவர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் வழி போட்டவர்கள் வேறு. கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்ற ஆய்வாளர், பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பலகையை 1982-இலேயே செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் மைரன் க்ரூகர் வீடியோபிளேஸ் என்று ஓர் அமைப்பை வைத்திருந்தார். கேமரா நம் கையின் நிழலுருவைப் படிக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திரையில் தெரியும் உருவத்தைப் பிடிக்கலாம், இழுக்கலாம். 1984-இல் பெல் ஆய்வகத்தில் பாப் பாய் பல விரல்களை உணரும் தொடுதிரையை உருவாக்கினார்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் வேய்ன் வெஸ்டர்மன். டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, தட்டச்சு செய்து செய்து கை வலியால் அவதிப்பட்டவர். அழுத்தாமல், மெல்லத் தொட்டாலே வேலை செய்யும் பரப்பு வேண்டும் என்று தேடி, அதையே தன் ஆய்வாக்கினார். 1999-இல் ஆய்வேடு வந்தது. தன் பேராசிரியர் ஜான் இலையாஸுடன் சேர்ந்து ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். 2005-இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2006 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் மான்டரே நகரில் நடந்த டெட் மாநாட்டு மேடையில் ஜெஃப் ஹான் பெரிய திரை ஒன்றில் இரண்டு விரலால் படங்களை விரித்துச் சுருக்கிக் காட்டினார். ஐஃபோன் அறிமுகமானது 2007 ஜனவரி 9. நடுவில் பதினொரு மாதம் இருக்கிறது.

இரண்டாவது பாதிதான் முக்கியம். செய்திகளில் 'விரல் விரிக்கும் பேட்டன்ட்' என்று பெயர் வாங்கியது அமெரிக்க பேட்டன்ட் எண் 7,844,915. அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். விரலை விரிக்கும் செயலுக்கு அங்கே உரிமை கேட்கவில்லை. ஆப்பிள் சாம்சங் மீது போட்ட வழக்கில் வந்த எட்டாவது கிளெய்ம் (உரிமை கேட்கும் வாக்கியம்) சொல்வது இதுதான்: திரையில் ஒரு புள்ளியில் தொடுதல் வந்தால் அதை நகர்த்தல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகளில் வந்தால் அதைச் சைகை என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இப்படிப் பிரித்தறிந்து அதற்கேற்பத் திரையை மாற்றும் மென்பொருள் முறை. நிலப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவதைப் போலத்தான் கிளெய்ம். ஊர் பெயரைப் பார்த்து யாரும் நிலம் யாருடையது என்று சொல்வதில்லை, எல்லையைப் படித்துத்தான் சொல்கிறோம். பேட்டன்டின் தலைப்பையோ செய்தித்தாள் வைத்த பெயரையோ பார்த்துவிட்டு 'அவர்களுடையது' என்று முடிவு கட்டக் கூடாது.

2012-இல் அமெரிக்காவில் சான் ஹோசே நகர நீதிமன்றத்தின் ஜூரி, அதாவது வழக்கை முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, சாம்சங்கின் பெரும்பாலான சாதனங்கள் இந்தக் கிளெய்மை மீறின என்றது. ஆனால் அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகமே மறுஆய்வில் அதே பேட்டன்டை 2012 டிசம்பரில் முதற்கட்டமாகவும், 2013 ஜூலையில் இறுதி ஆணையாகவும் நிராகரித்தது. கொடுத்த அலுவலகமே திரும்பிப் பார்த்து, இதில் புதுமை போதாது என்று சொல்லும் வழி அந்த முறையில் உண்டு. நல்ல வழி.

போனைத் திறக்க விரலால் தள்ளுவதற்கு ஒரு பேட்டன்ட், அதற்குப் பல நாடுகளில் வழக்கு என்று படித்தேன். தாழ்ப்பாளைத் தள்ளுவது காலங்காலமாக இருப்பதுதானே? இதை எப்படி ஏற்றார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நீங்கள் கேட்டதைத்தான் பல நாட்டு நீதிபதிகளும் ஏதோ ஒரு வடிவில் கேட்டார்கள். பதில் மட்டும் நாட்டுக்கு நாடு மாறியது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பேட்டன்ட் முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வழக்கில் தெரிகின்றன.

ஆப்பிள் இதற்கான முதல் விண்ணப்பத்தை 2005 டிசம்பரில் போட்டது. கிளெய்மின் சாரம்: திரையில் முன்பே குறித்த ஓர் இடத்தில் ஒரு படம் இருக்கும், விரல் அதைத் தொட்டு, திரையை விட்டு எடுக்காமல் நகர்த்தும்போது படமும் கூடவே நகரும், குறித்த எல்லையை அடைந்தால் பூட்டுத் திறக்கும். நீங்கள் சொல்லும் தாழ்ப்பாள் இரும்பு. இது திரையில் தெரியும் படம். அந்த வித்தியாசம் பேட்டன்ட் தருவதற்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

ஸ்வீடனில் நியோநோட் என்ற சிறு கம்பெனி. அவர்களுடைய என்1 என்ற போன் ஐஃபோனுக்கு முன்பே வந்தது. கையடக்கமான போன், திரையின் ஓரங்களில் இருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களால் விரலைக் கண்டுபிடிக்கும். அதன் கையேட்டில் பூட்டைத் திறக்க வலப்பக்கமாக விரலை இழுக்கவும் என்று அச்சிட்டிருந்தார்கள். கூட நகரும் படம் மட்டும் அதில் இல்லை.

2012 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றத்தில், தைவானின் போன் கம்பெனி எச்டிசி தொடுத்த வழக்கில் நீதிபதி ஃபிளாய்ட் இந்த போனை வைத்தே ஆப்பிளின் பேட்டன்ட் செல்லாது என்றார். 2013 ஏப்ரலில் முனிக்கில் உள்ள ஜெர்மன் பேட்டன்ட் நீதிமன்றம் அதையே சொன்னது. 2015 ஆகஸ்டில் கார்ல்ஸ்ரூவில் உள்ள, சிவில் வழக்குகளுக்கான ஜெர்மனியின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விரலை இழுத்துத் திறப்பது நியோநோடில் இருக்கிறது. அதோடு ஒரு படத்தையும் நகர்த்திக் காட்டுவது என்பது துறை தெரிந்த எவருக்கும் எட்டக்கூடிய அடுத்த படி என்பது அவர்கள் வாதம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி போனது. அங்கே சாம்சங் இரண்டு சான்றுகளை வைத்தது: நியோநோட் போன், அப்புறம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பிளேசான் 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வு. வீட்டுச் சுவரில் பொருத்தும் தொடுதிரையில் சாதனங்களை அணைக்கவும் போடவும், விரலால் தள்ளும் பொத்தான்களை அவர் காட்டியிருந்தார். விரலோடு படம் நகர்கிறது. நியோநோடில் இல்லாதது இங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஆப்பிளின் கிளெய்ம் வந்துவிடுகிறது என்றது சாம்சங்.

2014 மே மாதம் ஜூரி அதை ஏற்கவில்லை. இந்தப் பேட்டன்டும் இன்னும் இரண்டும் சேர்த்து ஆப்பிளுக்குச் சுமார் 12 கோடி டாலர் என்றது. கேட்டது 220 கோடி. 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், இது எவருக்கும் தோன்றக்கூடியதே, பேட்டன்ட் செல்லாது என்று தீர்ப்பைக் கவிழ்த்தார்கள். அதே வருடம் அக்டோபர் 7-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, 8-க்கு 3 என்ற கணக்கில் ஜூரியின் தீர்ப்பைத் திரும்ப நிலைநிறுத்தியது. சுவரில் மாட்டும் சாதனத்தைப் பார்த்து ஒருவர் போன் செய்யப் போவார் என்று நம்பாமலிருக்க ஜூரிக்கு உரிமை உண்டு, உண்மை எது என்று தீர்மானிப்பது ஜூரியின் வேலை, எங்களுடையது அல்ல என்றார்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அத்தோடு முடிந்தது.

அந்த முழு அமர்வுத் தீர்ப்பில் ஒரு வரியை நான் என் அலுவலகத்தில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் படிக்கச் சொல்வேன். 2007-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் விரலைத் தள்ளி போனைத் திறந்தபோது கூட்டம் ஆரவாரம் செய்தது, அது இந்த யோசனை எளிதில் தோன்றக்கூடியது அல்ல என்பதற்கு ஒரு சான்று என்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. கைதட்டலும் சான்றாகலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தில் உண்மையாகவே இடமுள்ள வாதம். துறையினரின் பாராட்டு, போட்டியாளர் பார்த்துச் செய்தது, இவையெல்லாம் அங்கே எடை பெறும்.

என் கருத்து கேட்டால் நான் கார்ல்ஸ்ரூ பக்கம். சுவரில் இருந்தால் என்ன, கையில் இருந்தால் என்ன, தொடுதிரையில் வேலை செய்பவர் தொடுதிரை ஆய்வுகளைத்தான் தேடுவார். அதே சமயம், ஜூரி நேரில் சாட்சிகளைப் பார்த்து முடிவெடுத்த ஒன்றைத் தாளைப் பார்த்து மாற்றக் கூடாது என்ற அமெரிக்க நீதிபதிகளின் கட்டுப்பாட்டையும் மதிக்கிறேன்.

இன்னொன்று. பூட்டைத் தள்ளித் திறக்கும் முறையை ஆப்பிளே 2016 செப்டம்பரில், ஐஓஎஸ் 10 வந்தபோது எடுத்துவிட்டது. முழு அமர்வுத் தீர்ப்பு வந்தது அதற்கு அடுத்த மாதம்.

நியோநோடின் கதையும் அங்கே முடியவில்லை. அவர்கள் 2002 டிசம்பரில் போட்டிருந்த விண்ணப்பத்துக்கு 2012 ஜனவரியில் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. 2020-இல் அந்த உரிமையைக் கையில் வைத்திருந்த வேறொரு நிறுவனம் ஆப்பிள், சாம்சங் இரண்டின் மீதும் டெக்சாஸில் வழக்குத் தொடர்ந்தது.

பட்டியல் கடைசிக்கு வந்தால் சில போனில் ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புகிறது, சில போனில் ஓரத்தில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இதற்கும் பேட்டன்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

உண்டு, கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இதற்கு ரப்பர் பேண்டிங் என்றே துறையில் பெயர். கண்டுபிடித்தவர் பாஸ் ஓர்டிங், ஆப்பிளில் இருந்த இடைமுக வடிவமைப்பாளர். பட்டியலின் ஓரம் வந்ததும் திரை அப்படியே நின்றுவிட்டால், போன் உறைந்துவிட்டதா, பட்டியல் முடிந்துவிட்டதா என்று பயன்படுத்துபவருக்குத் தெரியாது. ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் இழுபட்டு, விரலை எடுத்ததும் திரும்பினால் அந்தக் குழப்பம் தீர்கிறது. விரல் விரிப்பதையும் பூட்டைத் தள்ளுவதையும் விட இதுதான் உண்மையான கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். ஒரு சிக்கல் இருந்தது, அதற்கு ஒருவர் யோசித்து ஒரு விடை சொன்னார்.

வழக்குகளிலும் இது நன்றாகவே தாக்குப்பிடித்தது. 2011 ஆகஸ்டில் ஹேக் நீதிமன்றம், புகைப்படத் தொகுப்பைப் புரட்டும் முறை தொடர்பான ஆப்பிளின் ஐரோப்பியப் பேட்டன்டை வைத்து சாம்சங்கின் சில கேலக்ஸி போன்களுக்குத் தடை விதித்தது. 2012 ஆகஸ்ட் 24-இல் சியோல் நீதிமன்றம் சாம்சங் இந்த ரப்பர் துள்ளல் பேட்டன்டை மீறியது என்றது. அதே தீர்ப்பில் ஆப்பிளும் சாம்சங்கின் இரண்டு தொலைத்தொடர்புப் பேட்டன்டுகளை மீறியது என்றது. 2013 ஜூனில் டோக்கியோ நீதிமன்றமும் சாம்சங் மீறியது என்றது. அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகம் மறுஆய்வில் முதலில் இதன் எல்லாக் கிளெய்ம்களையும் நிராகரித்தது, ஆனால் வழக்கில் பயன்பட்ட 19-ஆவது கிளெய்ம் 2013 ஜூனில் தப்பித்தது. சாம்சங் தன் போன்களில் துள்ளலை எடுத்துவிட்டு ஓரத்தில் நீல வெளிச்சம் வைத்தது. நீங்கள் பார்க்கும் வெளிச்சம் அந்த வழியில் வந்தது. ஒரு கிளெய்மைச் சுற்றிப்போக வேறு விடை கண்டுபிடிப்பது தப்பான வேலை இல்லை. பேட்டன்ட் முறை எதிர்பார்ப்பதே அதைத்தான். பிற்பாடு 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல் உள்ளடக்கமே நீண்டு சுருங்கும் முறை வந்தது.

ஆனால் ஜெர்மனியில் இந்தப் பேட்டன்ட் விழுந்தது. விழுந்த காரணம் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. 2013 செப்டம்பரில் முனிக் நீதிமன்றம், ஐரோப்பாவுக்கான விண்ணப்பத்தின் தேதிக்கு முன்பே இந்தத் துள்ளல் பொதுவெளிக்கு வந்துவிட்டது என்று அதை ரத்து செய்தது. எங்கே வந்தது? 2007 ஜனவரி 9, ஸ்டீவ் ஜாப்ஸின் அதே மேடையில். அவர் விரலால் படங்களைத் தள்ளும் வீடியோவே சான்று. அமெரிக்கச் சட்டம், கண்டுபிடித்தவரே வெளியிட்டால் விண்ணப்பிக்க ஒரு வருடம் அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்த அவகாசம் கிடையாது. வெளியே சொன்ன மறுநாள் அது உலகத்தின் சொத்து. ஒரே மேடை, ஒரே காலை. அங்கே எழுந்த ஆரவாரம் அமெரிக்காவில் ஒரு பேட்டன்டைக் காப்பாற்ற உதவியது. அங்கே எடுத்த வீடியோ ஜெர்மனியில் இன்னொன்றை முடித்துவைத்தது.

ரிச்சி தெருவில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றிக் கொடுப்பதால் இந்த டச் பேட்டன்ட் எதையாவது மீறுகிறேனா?
– வாசகர், சென்னை

இந்த வழக்குகளில் வந்த சைகைப் பேட்டன்டுகள் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியவை. நீங்கள் மாற்றும் கண்ணாடிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, தைரியமாக வேலையைப் பாருங்கள். கம்பெனி முத்திரை போட்ட போலி உதிரிப் பாகங்களை மட்டும் தொடாதீர்கள். அது வர்த்தக முத்திரைச் சட்டத்தில் வரும், ஆபத்து அங்கேதான்.

தட்டுவதும் தள்ளுவதும் ஒன்றா? ஒரு பேட்டன்டில் 'தள்ளு' என்று எழுதியிருந்தால், நான் 'தட்டு' என்று வைத்துத் தப்பிக்கலாமா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

இந்தக் கேள்வியை அப்படியே ஒரு நீதிபதி சந்தித்திருக்கிறார். ஆப்பிளுக்கும் மோட்டோரோலாவுக்கும் சிகாகோவில் நடந்த வழக்கு, விசாரித்தவர் ரிச்சர்ட் போஸ்னர். மோட்டோரோலா போனில் கிண்டில் செயலியில் பக்கம் புரட்ட, திரையின் ஓரத்தில் தட்டினால் போதும். ஆப்பிளின் பேட்டன்டில் விரலைத் தள்ளுவது என்று இருந்தது. தட்டுவது என்பது நீளம் சுழியமாக இருக்கும் தள்ளல்தான் என்று ஆப்பிள் வாதிட்டது. போஸ்னர் அதை ஏற்கவில்லை. ஒரு புள்ளியை நீளமே இல்லாத கோடு என்று சொல்வதற்குச் சமம் இது என்று எழுதினார்.

2012 ஜூனில் அவர் வழக்கையே தள்ளுபடி செய்தார், இரு தரப்பும் தங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை நிரூபிக்கவில்லை என்று. 2014-இல் மேல்முறையீட்டில் அந்தத் தள்ளுபடியின் பெரும்பகுதி மாற்றப்பட்டது. ஆனாலும் புள்ளி, கோடு பற்றி அவர் எழுதியதைப் படித்தால் கிளெய்ம் எழுதுபவருக்கு ஒரு பயம் வரும். வரட்டும். நான் ஒரு கிளெய்ம் எழுதி முடித்ததும் சத்தமாகப் படிப்பேன். ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நின்று, எதிரி இதை வேறு எந்த வினையால் மாற்றிச் செய்வார் என்று பக்கத்தில் எழுதி வைப்பேன். தொடுவது, தட்டுவது, அழுத்திப் பிடிப்பது, தள்ளுவது, சுண்டுவது. தொடுதிரை விஷயத்தில் இந்தப் பட்டியல் நீளும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: வார்த்தை மாறினால் மட்டும் போதாது, செயல் உண்மையிலேயே மாற வேண்டும். மாறியிருந்தால் தப்பிப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வெளியிடும் முன் ஒரு ஏஜென்டிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்? எவ்வளவு பணம் கைமாறியது?
– வங்கி ஊழியர், சேலம்

2011 ஏப்ரலில் ஆப்பிள் சாம்சங் மீது போட்ட முதல் அமெரிக்க வழக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2012 ஆகஸ்டில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி சுமார் 105 கோடி டாலர் என்றது. நீதிபதி லூசி கோ அதில் 45 கோடியை, கணக்கு சரியில்லை என்று கழித்து அந்தப் பகுதிக்கு மறுவிசாரணை வைத்தார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2015 டிசம்பரில் சாம்சங் 54.8 கோடி டாலர் கட்டியது. கட்டிவிட்டு உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில், வடிவமைப்புப் பேட்டன்ட் (பொருளின் தோற்றத்துக்கான பேட்டன்ட்) மீறலுக்கு முழு போனின் லாபத்தையும்தான் தர வேண்டும் என்பதில்லை, போனின் ஒரு பாகத்தை மட்டும் அடிப்படையாகக் கொள்ளவும் இடம் உண்டு என்றார்கள். அதனால் இழப்பீட்டுக்குத் திரும்ப விசாரணை. 2018 மே மாதம் புது ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இரண்டு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன.

வங்கியில் இருப்பவர் என்பதால் அந்த 53.9 கோடியைப் பிரித்துக் காட்டுகிறேன். போனின் முகப்பு, வளைந்த மூலை, ஐகான் வரிசை போன்ற தோற்றத்துக்கான மூன்று வடிவமைப்புப் பேட்டன்டுகளுக்கு 53.3 கோடி. தொடுதிரையில் நடப்பவை பற்றிய இரண்டு பேட்டன்டுகளுக்கு, துள்ளல் உட்பட, சுமார் 53 லட்சம் டாலர். நூற்றில் ஒரு பங்கு. அமெரிக்கச் சட்டத்தில் வடிவமைப்புப் பேட்டன்டை மீறினால் மீறியவரின் லாபத்தையே கேட்கலாம்; மற்ற பேட்டன்டுக்கு அப்படி இல்லை, நஷ்டத்தையோ நியாயமான உரிமத் தொகையையோதான் கேட்க முடியும். உலகமே விரல் அசைவுக்கான போர் என்று பேசிய வழக்கில், பணம் போனது மூலையின் வளைவுக்கு.

சிறிய கம்பெனி பெரியதிடம் வாங்கியதும் உண்டு. டச்பேடில் ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களைக் கண்டறியும் பேட்டன்ட் வைத்திருந்த தைவானின் இலான் நிறுவனத்துக்கு, ஆப்பிள் 2012 ஜனவரியில் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

என் மகன் பாலிடெக்னிக் இறுதி ஆண்டு. கை நடுங்கும் முதியவர்களுக்காக, தவறிப்போய்ப் படும் தொடுதலையும் வேண்டுமென்றே தொடுவதையும் பிரித்தறியும் செயலி ஒன்றை நண்பர்களோடு செய்திருக்கிறான். யூடியூபிலும் போட்டுவிட்டார்கள். இதற்கு நம் நாட்டில் பேட்டன்ட் கிடைக்குமா?
– தாய், மதுரை

அம்மா, உங்கள் மகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நடுங்கும் கைக்கு இன்றைய தொடுதிரைகள் கருணை காட்டுவதில்லை. அதைக் கவனித்த பிள்ளைகள் நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் வீடியோ போட்டது சிக்கல். வெளியிட்டவருக்குப் பொதுவான ஒரு வருட அவகாசம் நம் சட்டத்திலும் இல்லை. பிரிவு 31-இல் சில விலக்குகள் உண்டு: மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டினால், அறிஞர் சபையில் கட்டுரை படித்தால், பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். யூடியூப் அந்தப் பட்டியலில் வராது. முதலில் அந்த வீடியோவை உட்கார்ந்து பாருங்கள். செயலி என்ன செய்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறார்களா, எப்படிச் செய்கிறது என்றும் விளக்கியிருக்கிறார்களா? எந்த அளவுகளை வைத்து நடுக்கத்தைப் பிரிக்கிறது என்ற உள்விவரம் வெளியே வராமல் இருந்தால், அந்தப் பகுதிக்கு இன்னும் வழி இருக்கலாம்.

அடுத்த தடை பிரிவு 3(கே). கணினி நிரல் என்ற அளவில் மட்டும் இருப்பதற்கும் அல்காரிதத்துக்கும் இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது. ஆனால் தொழில்நுட்ப ரீதியான விளைவு இருந்தால் நிரல் என்பதாலேயே ஒதுக்கிவிடக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்னது. தொடுதிரையின் உணரி தரும் சமிக்ஞையைப் பதப்படுத்தித் தவறான தொடுதலைக் குறைக்கிறது என்று காட்ட முடிந்தால் வாதத்துக்கு இடம் உண்டு.

செய்ய வேண்டியது: இன்னும் வெளியிடாத பகுதிகளை இனி யாரிடமும் காட்டாதீர்கள், கல்லூரிப் போட்டிகளிலும் கூட. அவற்றை விளக்கி ஒரு தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு இணையத்தில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகம்தான். தேதி கிடைத்துவிடும், முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் இருக்கும்.

பேட்டன்ட் வேண்டாம், எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று பிள்ளைகள் நினைத்தால் அதுவும் பெரிய முடிவுதான், நான் மனதார ஆதரிப்பேன். அப்படியானால் அரைகுறையாக விடாதீர்கள். நியோநோட் கையேட்டில் இருந்த ஒரு வரியும் மேரிலாந்தில் செய்த ஆய்வும் நீதிமன்றத்தில் என்ன வேலை செய்தன என்று மேலே பார்த்தோம். எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாக, வரைபடத்தோடு எழுதி, நிரலையும் சேர்த்து, தேதி தெரியும்படி பொதுவில் வெளியிடுங்கள். நாளை வேறு யாராவது அதே முறைக்கு இங்கே விண்ணப்பித்தால், அது வழங்கப்படும் முன்பே பிரிவு 25(1)-இன் கீழ் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உங்கள் மகனும் செய்யலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தத் தேதியிட்ட ஆவணம். வீடியோவை நீக்கிவிடாதீர்கள், அதன் விளக்கப் பகுதியில் அந்த ஆவணத்தின் இணைப்பைச் சேருங்கள்.